வேல்ஸ் அரசும் வருங்காலத் தலைமுறைச் சட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனின் மேற்கு ஓரத்தில் இருக்கும் வேல்ஸில் சுமார் 31 லட்சம் பேர் வாழ்கிறார்கள். 2015-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. அரசும் உள்ளாட்சிகளும் மருத்துவ வாரியங்களும் முடிவெடுக்கும்போது, இன்னும் பிறக்காதவர்களின் நலனையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது அது. கேட்பதற்கு மேடைப் பேச்சு மாதிரிதான் இருக்கிறது. நடைமுறையில் அது எதைச் சாதித்தது, எங்கே முட்டிக்கொண்டு நின்றது என்பதைக் கேள்வி பதிலாகப் பார்க்கலாம்.

வேல்ஸ் தனி நாடா, மாநிலமா?

பிரிட்டனுக்குள் அடங்கிய ஒரு நாடு. அதற்கென்று நாடாளுமன்றமும் முதலமைச்சரும் உண்டு. நம் ஊர் மாநில அரசோடு ஒப்பிடத் தோன்றும். ஆனால் இந்திய மாநிலங்களின் அதிகாரப் பட்டியல் அரசமைப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. வேல்ஸுக்குக் கிடைத்தது முழுக்க லண்டன் நாடாளுமன்றம் சட்டம் போட்டுக் கொடுத்தது. கொடுத்த இடத்துக்கே அதை மாற்றும் உரிமையும் சட்டப்படி இருக்கிறது.

அதுவும் மயிரிழையில் வந்த அதிகாரம். வேல்ஸுக்கென்று ஒரு பேரவை வேண்டுமா என்று 1997 செப்டம்பரில் நடந்த பொது வாக்கெடுப்பில் ஆதரவு 50.3 சதவீதம். வித்தியாசம் 6,721 வாக்குகள். 1999-இல் கூடிய பேரவைக்கு முழுமையான சட்டமியற்றும் உரிமை கிடையாது. 2011-இல் மறுபடி மக்களிடம் கேட்டார்கள். இந்த முறை 63.5 சதவீதம் பேர் சரி என்றார்கள். 2020-இல் பேரவையின் பெயர் 'செனெத்' என்று மாறியது. 60 ஆக இருந்த உறுப்பினர் எண்ணிக்கை 2026 தேர்தலிலிருந்து 96.

எதெல்லாம் அவர்கள் கையில், எதெல்லாம் லண்டன் கையில்?

மருத்துவம், பள்ளிகள், உள்ளாட்சி, வீட்டுவசதி, வேளாண்மை, சுற்றுச்சூழல், சாலைகள் எல்லாம் வேல்ஸ் கையில். பாதுகாப்பு, காவல்துறை, நீதிமன்றம், ஓய்வூதியம், பெரும்பாலான உதவித்தொகைகள், ரயில் தண்டவாளங்களில் பெரும்பகுதி லண்டன் கையில். பணத்திலும் பெரும்பங்கு லண்டன் தரும் மொத்த மானியம்தான். அதில் ஏறத்தாழ பாதியை மருத்துவமும் சமூகப் பராமரிப்பும் விழுங்கிவிடும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். பின்னால் வரும் பல ஏமாற்றங்களுக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது.

அந்தச் சட்டம் சரியாக என்ன சொல்கிறது?

வருங்காலத் தலைமுறையினர் நலவாழ்வுச் சட்டம் 2015 ஏப்ரலில் அரச ஒப்புதல் பெற்றது. அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. செழிப்பு, இயற்கையின் தாங்குதிறன், உடல்நலம், சமத்துவம், ஒற்றுமையான ஊர்கள், உயிர்ப்புள்ள பண்பாடும் வேல்ஷ் மொழியும், உலகத்தின்மீது பொறுப்பு என்று ஏழு இலக்குகள் அதில் இருக்கின்றன. செழிப்பு என்ற இலக்கின் விளக்கத்தில் மொத்த உற்பத்தியைக் கூட்டுவது பற்றிப் பேச்சே இல்லை. பூமியின் வளங்களுக்கு எல்லை உண்டு என்பதை உணர்ந்த, குறைந்த கரிமம் உமிழும் சமூகம் என்று தொடங்குகிறது. அந்த வரையறையில் 'கண்ணியமான வேலை' என்று இருந்ததை 2023-இல் வந்த இன்னொரு சட்டம் 'நியாயமான வேலை' என்று மாற்றியது.

என் பார்வையில் இலக்குகளைவிட முக்கியமானவை அதில் உள்ள ஐந்து வேலைமுறைகள். நீண்ட காலத்தை நினை. பிரச்சினை வருமுன் தடு. ஒரு துறையின் முடிவு இன்னொரு துறையைக் கெடுக்கிறதா என்று பார். மற்றவர்களோடு சேர்ந்து செய். பாதிக்கப்படுபவர்களை உள்ளே கூப்பிடு. இலக்குகளை யார் வேண்டுமானாலும் எழுதலாம். 'எப்படி முடிவெடுத்தாய், காட்டு' என்று கேட்டால்தான் அதிகாரி நெளிவார். தொடக்கத்தில் 44 பொது அமைப்புகள் இந்தச் சட்டத்தின் கீழ் வந்தன. பின்னால் மேலும் சில சேர்ந்தன.

இது திடீரென முளைத்ததும் இல்லை. 1998-இல் பேரவையை உருவாக்கிய சட்டத்திலேயே நீடித்த வளர்ச்சிக்கு ஒரு திட்டம் வகுக்க வேண்டும் என்ற கடமை இருந்தது. அது வெறும் ஆவணமாகவே தேங்கிவிட்டது என்ற மனக்குறையில்தான் 2015 சட்டம் பிறந்தது.

வருங்காலத் தலைமுறைகளுக்கு ஓர் ஆணையர் இருக்கிறாராமே?

ஆமாம். பதவிக்காலம் ஏழு ஆண்டு. 2016-இல் சோஃபி ஹோ முதல் ஆணையரானார். 2023 மார்ச் முதல் டெரெக் வாக்கர். ஆணையர் ஆலோசனை சொல்லலாம், ஓர் அமைப்பு எப்படி நடக்கிறது என்று ஆராயலாம், பரிந்துரை தரலாம். பரிந்துரையை ஏற்காவிட்டால் ஏன் என்று அந்த அமைப்பு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். எதையும் நிறுத்தும் அதிகாரம் அவருக்குக் கிடையாது, அபராதமும் போட முடியாது.

அப்படியானால் சட்டத்தை மீறினால் நீதிமன்றம் போகலாமா?

முயன்றிருக்கிறார்கள். ஒரு பள்ளியை மூடுவதை எதிர்த்து இந்தச் சட்டத்தைக் காட்டி வழக்கு போட்டார்கள். உயர் நீதிமன்றம் மசியவில்லை. சட்டத்தின் வாசகங்கள் பொதுவானவை, தனி மனிதர் வந்து தன் உரிமை என்று கோரும்படி எழுதப்பட்டவை அல்ல என்பதுதான் பிரச்சினை. பல் இல்லாத சட்டம் என்று வேல்ஸிலேயே கேலி செய்பவர்கள் உண்டு. பல் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அதை வைத்தே சட்டம் வீண் என்று முடிவு கட்டக்கூடாது. அடுத்த கேள்விக்குப் போனால் ஏன் என்று புரியும்.

எம்4 சாலை விவகாரம் என்ன? எல்லோரும் அதையே உதாரணம் காட்டுகிறார்களே?

லண்டனிலிருந்து தெற்கு வேல்ஸுக்குப் போகும் பெருவழிச்சாலை எம்4. நியூபோர்ட் நகரத்தின் ஓரம் பிரின்கிளாஸ் குகைப்பாதையில் அது குறுகும். மாலையானால் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். இதைத் தீர்க்க நகரத்துக்குத் தெற்கே 14 மைல் நீளத்தில் ஆறு வழிப் புறவழிச்சாலை போடலாம் என்பது 1990-களின் தொடக்கத்திலிருந்தே இருந்த யோசனை. அந்த வழித்தடம் குவென்ட் சமவெளியைக் கிழித்துக்கொண்டு போகும். பல நூற்றாண்டுகளாகக் கால்வாய் வெட்டி வடித்த தாழ்நிலம் அது. நீர்வாழ் பூச்சிகளும் பறவைகளும் நிறைந்த, சட்டப் பாதுகாப்பு பெற்ற இடம்.

விசாரணை ஓராண்டுக்கு மேல் நடந்தது. அங்கே நடந்ததைக் கவனியுங்கள். சாலை வேண்டும் என்று வாதாடியது வேல்ஸ் அரசுதான். இதே சட்டத்தைக் காட்டி, நெரிசல் குறைந்தால் செழிப்பு கூடும் என்றது. அதே சட்டத்தைக் காட்டி வேண்டாம் என்று எதிரே நின்றவர் ஆணையர் சோஃபி ஹோ. ஒரு சட்டம், இரண்டு வாசிப்பு. கடைசியில் விசாரணை அதிகாரி சாலைக்கு ஆதரவாகவே பரிந்துரைத்தார்.

2019 ஜூன் 4-ஆம் தேதி முதலமைச்சர் மார்க் டிரேக்ஃபோர்ட் அந்தப் பரிந்துரையை ஏற்காமல் திட்டத்தைக் கைவிட்டார். அவர் முதலில் சொன்ன காரணம் பணம். மதிப்பீடு 140 கோடி பவுண்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அதோடு அவர் நிற்கவில்லை. பணம் இருந்திருந்தாலும், சுற்றுச்சூழலுக்கு வரும் கேட்டுக்கு விசாரணை அதிகாரி கொடுத்ததைவிட அதிக எடை கொடுத்து வேண்டாம் என்றே முடிவு செய்திருப்பேன் என்றார். ஆயத்த வேலைகளுக்கே அதுவரை 11.4 கோடி பவுண்டு செலவாகியிருந்தது. தொழில் அமைப்புகள் கொதித்துப் போயின.

சட்டம் அவரைத் தடுத்ததா? இல்லை. சாலையை அமைக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டிருந்தாலும் சட்டப்படி அவரை யாரும் எதுவும் செய்திருக்க முடியாது. ஆனால் வேண்டாம் என்று சொல்ல நினைத்த ஓர் அரசியல்வாதிக்கு நிற்க ஓர் இடம் கிடைத்தது. நாற்பது ஆண்டு கழித்து இங்கே என்ன இருக்கும் என்ற கேள்வி நாகரிகமான கேள்வியாக, கோப்பில் எழுதக்கூடிய கேள்வியாக ஆகியிருந்தது. இந்தச் சட்டத்தின் பயன் என்று நான் பார்ப்பது இதைத்தான்.

பிறகு பர்ன்ஸ் பிரபு தலைமையில் ஓர் ஆணையம் அமைத்தார்கள். புது ரயில் நிலையங்கள், பேருந்து, சைக்கிள் பாதை என்று 2020-இல் மாற்றுத் திட்டம் தந்தது. சொன்னதில் பெரும்பகுதி இன்னும் காகிதத்தில்தான். நியூபோர்ட் நெரிசலும் தீரவில்லை. சாலையை நிறுத்துவது ஒரு கையெழுத்து. ரயில் விடுவதற்கு லண்டனின் பணமும் வேண்டும்.

இதெல்லாம் பெரிய விஷயம். அன்றாட வாழ்க்கையில் ஏதாவது மாறியதா?

நிறைய மாறியது. ஆனால் பாதிக்கு மேல் இந்தச் சட்டத்துக்கு முன்பே தொடங்கியவை. எல்லாப் புகழையும் சட்டத்துக்கே கொடுப்பவர்களை நம்பாதீர்கள்.

குப்பையிலிருந்து தொடங்கலாம். 1990-களின் கடைசியில் வேல்ஸ் தன் நகராட்சிக் கழிவில் 5 சதவீதத்தைக்கூட மறுசுழற்சி செய்யவில்லை. இன்று 65 சதவீதத்துக்கு மேல். 2024-இல் வந்த ஓர் உலக ஒப்பீட்டில் இரண்டாம் இடம். இதற்கு மந்திரம் ஏதும் இல்லை. ஒவ்வொரு உள்ளாட்சிக்கும் சட்டப்படி இலக்கு வைத்தார்கள். தவறினால் டன்னுக்கு இவ்வளவு என்று அபராதம் என்றார்கள். உணவுக் கழிவை வாராவாரம் வீட்டு வாசலில் தனியாக எடுத்தார்கள், அதற்கு நிதியும் கொடுத்தார்கள். அப்புறம் மிச்சக் குப்பையை எடுக்கும் இடைவெளியை நீட்டினார்கள். கான்வி உள்ளாட்சி 2018-இல் அதை நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்று ஆக்கியது. நான்கு வாரம் குப்பையை வீட்டில் வைத்திருக்க வேண்டுமென்றால் யாரும் ஒழுங்காகப் பிரிக்கக் கற்றுக்கொள்வார்கள். முனகல் இல்லாமல் இல்லை.

பிளாஸ்டிக் பைக்குக் கட்டணம் 2011 அக்டோபரில் வந்தது. பிரிட்டன் தீவில் முதல் முறை. இங்கிலாந்து நான்கு ஆண்டு கழித்துப் பின்தொடர்ந்தது. மருந்துச் சீட்டுக் கட்டணத்தை 2007-இல் எடுத்துவிட்டார்கள். இங்கிலாந்தில் இன்னும் வாங்குகிறார்கள். 2022 முதல் 2024 வரை படிப்படியாகத் தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் எல்லோருக்கும் இலவச உணவு. மதிய உணவுத் திட்டத்தோடு வளர்ந்த நமக்கு இதில் புதுமை தெரியாது. அங்கே அது பெரிய செய்தி. காப்பகத்தில் வளர்ந்து 18 வயதை எட்டிய இளைஞர்களுக்கு, வரிக்கு முன் மாதம் 1,600 பவுண்டு வீதம் இரண்டு ஆண்டுகள் கொடுத்துப் பார்த்த சோதனையும் 2022-இல் தொடங்கியது.

20 மைல் வேகக் கட்டுப்பாட்டுக்கு ஏன் அவ்வளவு எதிர்ப்பு?

2023 செப்டம்பர் 17 முதல், குடியிருப்புப் பகுதிச் சாலைகளில் வழக்கமான வேக வரம்பு மணிக்கு 30 மைலிலிருந்து 20 மைலாகக் குறைந்தது. நம் கணக்கில் 48 கிலோமீட்டர் 32 ஆனது. எதிர்ப்பு மனுவில் 4.6 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள். 31 லட்சம் பேர் உள்ள நாட்டில் இது சாதாரணமா? செனெத்தின் வரலாற்றில் அதற்கு முன் எந்த மனுவும் அதன் அருகில்கூட வந்ததில்லை.

முதல் ஆண்டில் 20, 30 மைல் வரம்புள்ள சாலைகளில் அடிபட்டவர்கள், இறந்தவர்கள் எண்ணிக்கை ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. திட்டம் வேலை செய்தது. ஆனால் அரசு செய்த விதத்தில் கோளாறு. பள்ளிக்கூட வாசலுக்கும் ஊரை இணைக்கும் நேர்ச்சாலைக்கும் ஒரே வரம்பு விழுந்தது. விதிவிலக்கு கொடுக்கலாம் என்று சட்டத்தில் இருந்தும் உள்ளாட்சிகள் தயங்கின. ஐந்து வேலைமுறைகளில் 'பாதிக்கப்படுபவர்களை உள்ளே கூப்பிடு' என்று எழுதி வைத்த அரசு இங்கே அதைச் சரியாகச் செய்யவில்லை. 2024-இல் வழிகாட்டலைத் தளர்த்தினார்கள். சில சாலைகள் 30-க்குத் திரும்பின.

விவசாயிகள் காலணிகளை அடுக்கி வைத்தது எதற்கு?

பிரெக்சிட்டுக்கு, அதாவது ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகியதற்குப் பிறகு, விவசாய மானியத்தைச் சுற்றுச்சூழல் வேலையோடு இணைக்கும் புதிய திட்டம் வந்தது. நிலத்தில் 10 சதவீதம் மரம் இருக்க வேண்டும் என்பது வரைவில் இருந்த ஒரு நிபந்தனை. வேலையிழப்பு 5,500 வரை போகலாம் என்று அரசின் ஆய்வே சொன்னது. 2024-இல் விவசாயிகள் அத்தனை ஜோடி ரப்பர் பூட்ஸுகளை செனெத் படிகளில் வைத்தார்கள். அரசு பின்வாங்கி நிபந்தனையை மாற்றி எழுதியது.

மொழியை ஏன் நலவாழ்வில் சேர்த்தார்கள்?

மொழி போனால் ஊர் போகும் என்பது வடமேற்கு வேல்ஸில் யாரும் விளக்கத் தேவையில்லாத விஷயம். 2021 கணக்கெடுப்பில் வேல்ஷ் பேசுவதாகச் சொன்னவர்கள் 17.8 சதவீதம், அதாவது 5.4 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. 2050-க்குள் 10 லட்சம் என்பது அரசின் இலக்கு. கணக்கெடுப்பு எதிர்த்திசையில் போகிறது. கோடை வீடு வாங்கும் வெளியூர்க்காரர்களால் விலை ஏறி இளைஞர்கள் ஊரை விட்டுப் போவதால், இரண்டாவது வீடுகளுக்கு உள்ளாட்சி வரியை நான்கு மடங்கு வரை உயர்த்த 2023 முதல் அனுமதி உண்டு. மொழிக் கொள்கை கடைசியில் வீட்டுக் கொள்கையில் வந்து நிற்கிறது.

நிலக்கரிக் குவியல்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

வேல்ஸில் 'வருங்காலத் தலைமுறை' என்ற சொல்லை யாராவது சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அபர்வான் என்ற சுரங்க ஊர். 1966 அக்டோபர் 21 காலையில் மலைமேல் கொட்டி வைத்திருந்த சுரங்கக் கழிவு சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. இறந்தவர்கள் 144 பேர். அதில் 116 பேர் குழந்தைகள். குற்றம் அரசு நிறுவனமான தேசிய நிலக்கரி வாரியத்தின்மேல் என்று விசாரணை சொன்னது.

அதன் பிறகு நடந்தது இன்னும் கொடுமை. மிச்சமிருந்த குவியல்களை அகற்றும் செலவுக்கு, உலகம் முழுவதும் இருந்து வந்த நிவாரண நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டை லண்டன் எடுத்துக்கொண்டது. 1997-இல் அதே தொகையைத் திருப்பிக் கொடுத்தார்கள், வட்டி இல்லாமல். 2007-இல் வேல்ஸ் அரசு தன் பங்காக 20 லட்சம் பவுண்டை அந்த ஊர் அறக்கட்டளைகளுக்குக் கொடுத்தது.

இன்றும் கைவிடப்பட்ட நிலக்கரிக் குவியல்கள் 2,500-க்கு மேல் இருக்கின்றன. 2020 பிப்ரவரியில் புயல் மழையில் டைலர்ஸ்டவுனில் ஒரு குவியல் சரிந்து பள்ளத்தாக்கில் விழுந்தது. யாருக்கும் அடியில்லை. மழை கடுமையாகிக்கொண்டு வருவதால் 2025-இல் இவற்றைக் கண்காணிக்கத் தனி அமைப்பை உருவாக்கச் சட்டம் போட்டார்கள். செலவு யாருடையது என்ற சண்டையும் கூடவே ஓடியது. நிலக்கரி எடுத்த காலத்தில் வேல்ஸ் அரசே கிடையாது, லாபம் பார்த்தவர்கள் வேறு என்பது வேல்ஸின் வாதம். 2025-இல் லண்டன் 11.8 கோடி பவுண்டு ஒதுக்கியது. மொத்தத் தேவைக்கு முன் அது சிறியது.

கைக்கு எட்டாமல் போனவை எவை?

ஸ்வான்சீ விரிகுடாவில் கடல் அலையேற்றத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் 130 கோடி பவுண்டு திட்டத்துக்கு வேல்ஸ் அரசு 20 கோடி தர முன்வந்தது. 2018 ஜூனில் லண்டன் நிராகரித்தது. போர்ட் டால்பட் உருக்காலையின் கடைசி ஊதுலையை டாட்டா ஸ்டீல் 2024 செப்டம்பர் 30 அன்று அணைத்தது. பழைய இரும்பை மின்சாரத்தால் உருக்கும் மின்வில் உலைக்கு மாறினால் கரிம உமிழ்வு பெருமளவு குறையும், ஆனால் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போனது. 50 கோடி பவுண்டு கொடுத்து ஒப்பந்தம் பேசியது லண்டன் அரசு. வேல்ஸ் அரசு பக்கத்தில் நின்று பார்த்தது என்று சொன்னால் அதிகமாகாது. பசுமைக்கு மாறும்போது தொழிலாளர்களைக் கைவிடாத 'நியாயமான மாற்றம்' பற்றி அதிகம் பேசிய அரசு அது.

எச்எஸ்2 அதிவேக ரயில் கதை இன்னும் வேடிக்கை. தண்டவாளத்தில் ஒரு அடிகூட வேல்ஸில் இல்லை. ஆனாலும் அது 'இங்கிலாந்து மற்றும் வேல்ஸ்' திட்டம் என்று வகைப்படுத்தப்பட்டதால், இங்கிலாந்தில் செலவு செய்யும்போது மற்ற பகுதிகளுக்கும் விகிதப்படி தரும் பங்கு ஸ்காட்லாந்துக்குக் கிடைத்தது, வேல்ஸுக்குக் கிடைக்கவில்லை.

பத்தாண்டு ஆகியும் வறுமை குறையவில்லையே?

குறையவில்லை. குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் மூவர் வறுமையில். மருத்துவமனைக் காத்திருப்பு நீளம். வை நதி கோழிப்பண்ணைக் கழிவாலும் கழிவுநீராலும் பச்சையாகிறது. உதவித்தொகை லண்டன் கையில் இருக்கும்வரை வறுமையை வேல்ஸ் தனியாகத் தீர்க்க முடியாது என்பது பாதி உண்மை. மருத்துவமும் நதியும் அவர்கள் கையிலேயே இருந்தன என்பது மறுபாதி. வருமுன் தடு என்று சட்டம் சொல்கிறது. ஆனால் இன்றைக்கு அவசரப் பிரிவில் கட்டிலுக்குக் காத்திருப்பவருக்குத்தான் பணம் போகிறது. எந்த அமைச்சராலும் அதை மறுக்க முடியாது. 2024-இல் முதலமைச்சரான எலுனெட் மோர்கன் தன் முன்னுரிமைகளை நான்காகச் சுருக்கியபோது மருத்துவத்தையும் பசுமை வேலைகளையும் குடும்பங்களுக்கான வாய்ப்பையும் போக்குவரத்தையும்தான் எடுத்துக்கொண்டார். ஏழு இலக்குகளைச் சொல்லி வாக்கு கேட்பது கடினம்.

மற்ற நாடுகள் பின்பற்றினவா?

2018-இல் ஸ்காட்லாந்து, ஐஸ்லாந்து, நியூசிலாந்து சேர்ந்து தொடங்கிய நலவாழ்வுப் பொருளாதார அரசுகள் கூட்டணியில் வேல்ஸ் 2020-இல் சேர்ந்தது. 2024 செப்டம்பரில் ஐ.நா.வும் வருங்காலத் தலைமுறைகளுக்கான பிரகடனம் ஒன்றை ஏற்றது. முழு பிரிட்டனுக்கும் இப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று பிரபுக்கள் அவையில் வந்த மசோதா நிறைவேறவில்லை.

வேல்ஸில் படிக்கும், வேலை செய்யும் தமிழர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது?

செனெத் தேர்தலில் 16 வயதிலிருந்தே வாக்களிக்கலாம். பிரிட்டிஷ் குடியுரிமை தேவையில்லை. சட்டப்படி தங்கியிருக்கும் வெளிநாட்டவருக்கும் உரிமை உண்டு, ஆனால் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க வேண்டும். வேல்ஸில் உள்ள மருத்துவரிடம் பதிந்தவருக்கு மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் இல்லை.

உறுப்பு தானச் சட்டம் பலருக்குத் தெரிவதில்லை. 2015 டிசம்பர் முதல், 12 மாதத்துக்கு மேல் வேல்ஸில் வசித்த, 18 வயது நிறைந்த ஒருவர் அங்கே இறந்தால், மறுப்புத் தெரிவிக்காத வரை சம்மதம் இருப்பதாகவே கொள்வார்கள். விருப்பம் இல்லையென்றால் பதிவேட்டில் பதிய வேண்டும். எதுவானாலும் வீட்டாரிடம் சொல்லி வையுங்கள்.

கடையோ உணவகமோ நடத்துபவர்களுக்கு: 2024 ஏப்ரல் 6 முதல் பணியிடங்கள் கண்ணாடி, காகிதம், உலோகமும் பிளாஸ்டிக்கும், விற்காமல் போன துணி, விற்காமல் போன சிறு மின்பொருள் என்று கழிவைத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். வாரத்துக்கு 5 கிலோவுக்கு மேல் உணவுக் கழிவு வந்தால் அதையும் தனியாகக் கொடுக்க வேண்டும், சாக்கடையில் கரைத்து விடக்கூடாது. தவறினால் அபராதம் உண்டு.